அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்

பாலத்தின் நடுவுக்கு வந்ததும் சலேத் நின்றுவிட்டாள். நின்றது வலியாலா, கீழே ஆற்றில் போகிற வாத்துகளைப் பார்க்கவா என்று கஸ்பாருக்குத் தெரிய வேண்டும்; நேராக முகத்தைப் பார்த்தால் "என்ன பாக்குதிய?" என்பாள், கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒருநாளும் பதில் இருந்ததில்லை, ஆகையால் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் படிக்கிற பாவனையில் ஓரக்கண்ணால் பார்த்தார். வாத்துதான். உதட்டைக் கடிக்கவில்லை, இடது கை விலாவுக்குப் போகவில்லை, வாத்தேதான். ஆற்றின் பெயர் தாமெகா, பாதிப் பெயர் நம்ம தாமிரபரணி மாதிரியே இருக்கு பாத்தியா என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார், சொல்லி முடித்துத் திரும்பினால் அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியிருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது, அந்த வாயைப் பார்க்க முடியாமல் போர்த்துக்கல் தேசத்துத் திராட்சைத் தோட்டங்களை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு வந்தார். காகிதத்தில் அமராந்தே என்று தலைப்பிட்டுப் பதினோரு இடங்கள். தூத்துக்குடித் துறைமுகத்து சிக்னல் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் கப்பல் பெயர்களைப் பதிவேட்டில் எழுதிய அதே குண்டு எழுத்து. ஒன்றாவது பழைய பாலம், இரண்டாவது புனித கொன்சாலு கோயில், பதினோராவது பழைய ரயில் பாதையில் நடை. மகன், அன்றோ என்று பெயர், காலையில் போர்த்து நகரத்தில் பஸ் ஏற்றிவிட்டு வேலைக்கு ஓடும்போது, "பதினொண்ணும் வேண்டாம்ப்பா, அம்மாவ எங்கயாவது ஒரு எடத்துல உக்கார வைங்க" என்று காதோடு சொல்லியிருந்தான். உட்கார வைத்தால் பேச வேண்டியிருக்கும், அது அவனுக்கு எங்கே தெரியும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்றாவது இடத்தை ஆரம்பித்தார். "ஆயிரத்தெண்ணூத்தி ஒம்பதுல பிரெஞ்சுக்காரன் படை அந்தக் கரைல வந்து நிக்கி. ஊர்க்காரங்க இந்தப் பாலத்த விடல. பதினாலு நாளு." சலேத் வாத்தை விட்டுத் திரும்பினாள். "பொறவு?" "பொறவு என்ன, வெடி வச்சு உள்ள வந்துட்டான்." "அப்போ எதுக்கு அந்தப் பதினாலு நாளு? மொதல்லயே விட்டுட்டுப் போயிருந்தா அத்தன பேரு செத்திருக்க மாட்டாம்லா?" என்றாள் அவள், சொல்லிவிட்டு மறுபடி வாத்தைப் பார்க்கப் போய்விட்டாள். கஸ்பாருக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. பார், அவளே சொல்கிறாள். எதுக்கு அந்தப் பதினாலு நாள் என்று அவள் வாயாலேயே வந்துவிட்டது. கைப்பிடிச் சுவரில் கை வைத்து நின்று, கேட்டதை மனசுக்குள் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

ஏனென்றால் அவரிடம் ஒரு கேள்வி நாலு மாதமாகச் செரிக்காமல் கிடந்தது. ஜூன் பதினேழாம் தேதி மதுரையில், டாக்டர் அறைக்குள் நுழையும் முன்பே அவர் ஒரு சீட்டு எழுதி நர்ஸிடம் கொடுத்திருந்தார், எதுவாக இருந்தாலும் என்னிடம் மட்டும் சொல்லவும் என்று, அதே குண்டு எழுத்தில், கீழே கையெழுத்தும் போட்டு. அதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை, அவர் அப்பாவுக்கு அவர்கள் அப்படித்தான் செய்தார்கள், மாமாவுக்கும் அப்படித்தான், சீக்காளியிடம் சீக்கின் பெயரைச் சொல்கிற வழக்கம் அவர்கள் தெருவில் எந்த வீட்டிலும் கிடையாது. சலேத்தை ரத்தம் எடுக்க அனுப்பிவிட்டு டாக்டர் சொன்னார், சின்ன வயசு, நல்ல பிள்ளை, மேஜையில் பேனாவை உருட்டிக்கொண்டே சொன்னார். கணையத்தில் கட்டி. ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கிறது, அறுத்தெடுக்க முடியாது. மஞ்சள் காமாலைக்குக் குழாய் வைத்து விட்டாயிற்று, அது தேறிவிடும். கீமோ கொடுத்துப் பார்க்கலாம், சிலருக்கு ஒரு வருஷம், அதற்கு மேலேயும் போயிருக்கிறது. கொடுக்காவிட்டால் ஆறு மாதம், முன்னே பின்னே. கஷ்டமான மருந்துதான் சார், மறைக்கல, அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க. அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க. கஸ்பார் மூச்சுக்கூட விடவில்லை, "கேக்க வேண்டாம் சார், அவ தாங்க மாட்டா" என்றார். எவ்வளவு சுளுவாக வந்தது அந்த வார்த்தை! சிக்னல் நிலையத்தில் ரேடியோவில், வெளித்துறையில் நங்கூரம் போட்டு நில்லு என்று ஒரு கப்பலிடம் சொல்வதற்குக்கூட இதைவிட அதிகம் யோசித்திருக்கிறார். ஏன் யோசிக்கவில்லை என்றால் கண்ணுக்கு முன்னால் கிளாரா மயினி நின்றாள், அண்ணன் பெண்டாட்டி, எட்டு மாதம் அந்த மருந்தை ஏற்றி வாயெல்லாம் புண்ணாகி, தலை மொட்டையாகி, பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்ததை அவர் கதவுப்பக்கம் நின்று பார்த்திருக்கிறார், உள்ளே போக மனசு வராமல். அந்தச் சித்திரவதை என் சலேத்துக்கு வேண்டாம். அன்பினால்தான். அன்பு என்றால் அதுதானே. அங்கிருந்தே கூப்பிட்டபோது அன்றோ போனில், "நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரிப்பா" என்றான், மகள் ரெனிட்டா அழுதுகொண்டே, "அம்மாவால முடியாதுப்பா" என்றாள், மூன்று பேரும் சேர்ந்து ஒரு உயிரைப் பங்கு வைத்தார்கள், அந்த உயிர் அப்போது பக்கத்து அறையில் முழங்கை மடிப்பில் பஞ்சை அமுக்கிக்கொண்டு, "பித்தப்பைல கல்லுன்னா ஆபரேசன் இல்லாம கரையுமா சிஸ்டர்" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

பாலத்துக்கு அப்பால் சுற்றுலா அலுவலகம். இது பட்டியலில் இல்லாத இடம், ஆனால் கஸ்பார் நாற்பது வருஷமாகக் காத்திருந்த இடம், ஏனென்றால் அவர் முழுப்பெயர் கஸ்பார் தல்மெய்தா, அதாவது அல்மெய்தா குடும்பத்தவர். கடற்கரையில் முத்துக்குளித்துக்கொண்டிருந்த பரதவர் கூட்டத்துக்குப் போர்த்துக்கீசியர் ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பன்மார் தங்கள் பெயர்களைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்கள், அதில் ஒரு தல்மெய்தா இந்த ஆற்றோரத்துக்காரர் என்பது அவர் பெரியப்பா சொன்னது, பெரியப்பாவுக்கு யார் சொன்னது என்று அவர் கேட்டதில்லை, கேட்டால் கரைந்துவிடும் என்று ஒரு பயம். வருகைப் பதிவேட்டில் பெயரைப் பெரிதாக எழுதி அந்தப் பெண்ணின் பக்கம் நகர்த்தினார். சிவப்பு நகப்பூச்சுப் போட்ட பெண், படித்துவிட்டு ஆங்கிலத்தில், "அல்மெய்தாவா? எங்க பல் டாக்டர் பெயரும் அதுதான்" என்று சிரித்து, ஊர் வரைபடத்தை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள். அவ்வளவுதான். நாற்பது வருஷம் மனப்பாடம் செய்து வைத்திருந்த சரித்திரம் தொண்டையிலேயே நின்றது. வெளியே வந்ததும் சலேத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை, மகனுடைய தொளதொள ஜாக்கெட்டுக்குள் தோள் குலுங்கியது. "ஐந்நூறு வருசத்துச் சொந்தக்காரி, ஒரு வாய் தண்ணி குடிக்கியளான்னு கேக்கலயே!" சிரித்துச் சிரித்துக் கடைசியில் இருமினாள், இருமி நின்றபோது இடது கை விலாவுக்குப் போயிருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். இந்தப் பயணம் யாருக்காக என்று அந்தக் கை கேட்பது போல இருந்தது. அவளுக்கு மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழாவுக்குப் போக வேண்டும், தங்கச்சி வீட்டில் நாலு நாள் இருக்க வேண்டும் என்றுதான் ஆசை, செப்டம்பரில் சொன்னாள், கூட்டம் ஆகாது, தொற்று வரும் என்று தடுத்தவர் யார்? தடுத்துவிட்டு, அவளுக்கு உலகத்தைக் காட்டப் போகிறேன் என்று பிள்ளைகளிடம் பெருமை பேசி, தன் பெயர் பிறந்த ஊரைத் தான் பார்க்க அவளை இத்தனை படி ஏற்றுகிறவர் யார்? பெரிய தல்மெய்தா. பல் டாக்டர் பெயர்.

கோயிலுக்குள் குளிர்ச்சியாகவும் இருட்டாகவும் இருந்தது, மெழுகு மணம் அவர்கள் ஊர்க் கோயில் மணமேதான், சலேத் உள்ளே கால் வைத்ததும் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், வெளிநாட்டில் வந்து முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு வீட்டுக்காரிக் களை வந்தது. இரண்டாவது இடம் என்று கஸ்பார் மெதுவாக வாசித்தார். கொன்சாலு என்கிற முனிவர் இந்த ஆற்றுக்கு முதல் பாலம் கட்டினாராம், கூலியாட்களுக்குச் சாப்பாடு இல்லாதபோது ஆற்றைப் பார்த்துக் கையைக் காட்டினால் மீன் தானாகக் கரைக்கு வருமாம். "நம்ம ஊருக்கு வந்திருந்தாருன்னா படகு பூராவும் கரையிலயே கெடந்திருக்கும்" என்றாள் சலேத். பீடத்துக்கு இடப்பக்கச் சிற்றாலயத்தில் புனிதர் கல்லாகப் படுத்திருந்தார். முகம் இல்லை. நானூறு ஐந்நூறு வருஷமாக ஜனங்கள் தொட்டுத் தொட்டுத் தேய்ந்து மூக்கும் கண்ணும் வழுவழுவென்று மறைந்துவிட்டன, விரல்கள் போய்விட்டன, கால்கள் சோப்பு போலக் கரைந்திருந்தன. வயதான பெண்களுக்கு மாப்பிள்ளை அமைத்துக் கொடுக்கிற புனிதர் இவர் என்று காகிதத்தில் இருந்ததை அவர் வேடிக்கைக்காகச் சொன்னார், சொல்லியிருக்க வேண்டாம். "எனக்கு ஒண்ணு போதும், நான் போயிட்டா நீங்க வந்து தொட்டுக்கிடுங்க" என்றாள், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. கறுப்புக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு கிழவி மெழுகுவர்த்திப் பெட்டியோடு பக்கத்தில் வந்தாள், சலேத் நெற்றியில் சிலுவை போட்டதையும் முக்காட்டையும் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, தன் முழங்காலைத் தட்டிக் காட்டி, புனிதரின் முழங்காலைத் தொட்டுக் காட்டி, எங்கே வலிக்கிறதோ அங்கே தொடு என்று கையாலேயே சொன்னாள். சலேத் தயங்கவேயில்லை, கல்லின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள், அதை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள், விலாவுக்குக் கீழே, சரியாக அந்த இடத்தில், டாக்டர் பேனாவால் படம் வரைந்து காட்டிய அதே இடத்தில், பிறகு விரல்களை முத்தமிட்டாள். கஸ்பார் கையிலிருந்த காகிதத்தைச் சட்டைப்பைக்குள் திணித்தார். அவளுடைய கைக்குத் தெரிந்திருக்கிறதே! கைக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் நாலு மாதம் நான் காவல் காத்தேனே! கிழவி அவரையும் தொடச் சொன்னாள், எங்கே வலி என்று கையை விரித்தாள், அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். சலேத் முழந்தாளிட்டு நெடுநேரம் இருந்தாள். எழுந்ததும், "என்ன வேண்டிக்கிட்ட?" என்று கேட்டார், கேட்காமல் இருக்க முடியவில்லை. "கல்லு முழுசாக் கரையணும். ரெனிட்டாவுக்கு நல்லபடியாப் பொறக்கணும். ஆகஸ்டு அஞ்சாம் தேதி பனிமய மாதா திருவிழாவுக்குப் பேரப்பிள்ளையத் தூக்கிட்டுப் போயி மாதா காலடில போடணும்." ஆகஸ்டு. அடுத்த ஆகஸ்டு. பாலத்தில் மனசுக்குள் மடித்து வைத்த பேச்சு அப்படியே கசங்கிப் போயிற்று.

ஆற்றோரக் கடையில் நாற்காலி போட்டிருந்தார்கள், மூன்றாவது நான்காவது இடங்களை விட்டுவிட்டார், மடத்துச் சகோதரிகள் காலத்திலிருந்து செய்கிற முட்டைமஞ்சள் பலகாரம் என்று வரைபடத்தில் படம் போட்டிருந்ததால் ஒரு தட்டு வாங்கினார். பலகாரம் நம்ம ஊர் மஸ்கோத் அல்வா நிறத்தில் பளபளத்தது. சலேத் ஒரு நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்து, நல்லாத்தான் இருக்கு என்று தட்டை அவர் பக்கம் தள்ளினாள். சாப்பாடு போகவில்லை, இருபது நாளாகவே போகவில்லை, ஊர் மாறினதால என்று அவளே காரணம் சொல்லிக்கொண்டாள். அவர் பையிலிருந்து சத்து மாத்திரைப் புட்டியை எடுத்தார், அதில் சத்து மாத்திரை இல்லை, வலி மாத்திரையைப் பிரித்துப் போட்டு வைத்திருந்தார், பழைய புட்டியில் ஒட்டியிருந்த வலி மருந்தின் பெயரை நகத்தால் சுரண்டியவரும் அவர்தான், ஒரு சனிக்கிழமை கழிவறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு. அவள் கை நீட்டி வாங்கி வாயில் போட்டாள். என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. நற்கருணை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொள்கிறாள், ஆத்தாடி, கேட்கவே மாட்டாளா? ஒருநாள் கேட்டால் சொல்லிவிடுவேனோ என்னவோ, கேட்டால்தானே! பக்கத்து மேஜையில் ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியில் வைத்து மகள் ஊட்டிக்கொண்டிருந்தாள், சாறு தாடையில் வழிந்தது, சலேத் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நான் இப்படிக் கெடக்கப்பிடாது. ஒருத்தருக்கும் பாரமில்லாம தூக்கத்துலயே போயிரணும்" என்றாள். கஸ்பார் நிமிர்ந்தார். இதோ, இதுதான். இப்போது அவளே சொல்லிவிட்டாள், கிடக்கக்கூடாது என்று, ஆக நான் செய்தது அவள் மனசுப்படிதான், கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள், கேட்டதாகவே வைத்துக்கொள்ளலாம். அந்த நிம்மதியில் அவருக்குத் திடீரென்று பசித்தது, வெட்கமில்லாமல் மூன்று பலகாரத்தை அடுத்தடுத்துத் தின்றார். மூன்றாவதை விழுங்கும்போது, ஊரில் எல்லாக் கிழவிகளும் இதையேதானே சொல்கிறார்கள், சாகிறதைப் பற்றிப் பேசினால் எல்லோரும் சொல்கிற பேச்சுதானே இது என்று தோன்றியது. அதற்குப் பிறகு இனிப்பு இறங்கவில்லை. "ஏங்க, அந்த ரயில் பாதைல நடக்கணும்னு எழுதியிருந்தியள்லா," என்று சலேத் எழுந்தாள், "அதுக்குப் போவோம், சமமா இருக்குமே, படி ஏறண்டாம்."

ரயில் நின்றுபோய்ப் பல காலம், தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுப் பாதையை நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் கீழே ஆறு, மறுபக்கம் அறுவடை முடிந்த கொடிகள், இலை மட்டும் பழுத்துத் தொங்கியது. சமமான பாதைதான், இருந்தும் சலேத் முப்பது தப்படிக்கு ஒருமுறை நின்றாள், நிற்பதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருந்தாள், ஒரு பூ, ஒரு பூனை, அவிழாத ஷூ கயிறு. அவர் எண்ணிக்கொண்டே வந்தார். முப்பது, பிறகு இருபத்தாறு, பிறகு இருபத்திரண்டு. எண்ணாதே என்றால் மனசு கேட்கிறதா, அது டிசம்பரையும் எண்ணியது, ஜூன் பதினேழிலிருந்து ஆறு மாதம் டிசம்பர் பதினேழு, ரெனிட்டாவுக்கு நாள் கொடுத்திருப்பது பிப்ரவரி எட்டு, நடுவில் ஐம்பத்துமூன்று நாள். அந்த ஐம்பத்துமூன்று நாளைத்தான் டாக்டர் மேஜைமேல் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், அவர் வேண்டாமென்று எழுந்து வந்துவிட்டார். ஆனால் அப்போது தெரியாதே! ஆறு வருஷமாகப் பிள்ளையில்லாத ரெனிட்டா ஜூலை முதல் வாரம்தானே போன் பண்ணினாள், சலேத் போனைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கும் முற்றத்துக்கும் ஓடினாள், அவர் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கே மதுரைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. போனால் அவளிடம் சொல்ல வேண்டும், சொன்னால் ஏன் முதலில் சொல்லவில்லை என்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஜூலையும் ஆகஸ்டும் போயின, செப்டம்பரில் தனியாகப் போய்ப் பித்தப்பைக் கல்லுக்கென்று அவளிடம் சொல்லி எடுத்த புது ஸ்கேன் படங்களைக் கொடுத்து, இப்போ கீமோ குடுக்கலாமா சார் என்று கேட்டார், அந்தச் சின்ன வயசு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உறைக்குள் திரும்ப வைத்தார். கல்லீரல் முழுக்கப் பரவியிருக்கு சார், இனி உடம்பு தாங்காது, அப்பவே ஆரம்பிச்சிருந்தா. அதோடு நிறுத்திவிட்டார், நல்ல பிள்ளை. அப்பவே ஆரம்பிச்சிருந்தா. ஒரு சைக்கிள்காரர் மணியடித்து மாலை வணக்கம் சொல்லிப் போனார், சலேத் பதிலுக்குக் கை கூப்பினாள். இருபது தப்படி. ஆற்றில் வெயில் மினுங்கியது, எல்லாம் அவ்வளவு அழகாக இருந்தது, அந்த அழகை எடுத்து ஆற்றில் எறிய வேண்டும்போல் அவருக்குக் கோபம் வந்தது. இப்போது சொன்னால் என்னத்தைச் சொல்வது, உனக்கு ஒரு வழி இருந்தது, அதை உன்னைக் கேட்காமல் நான் அடைத்துவிட்டேன், இப்போது வழியில்லை, தெரிந்துகொள் என்றா? சொல்லாமலிருப்பது திருட்டு, சொல்வது கொலை. திருடனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தார், அப்படி நினைத்த கையோடு, அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க என்று உருண்ட பேனா மறுபடி உருண்டது.

பெஞ்சு ஒன்று வந்ததும் அவளே உட்கார்ந்தாள், காரணம் எதுவும் சொல்லாமல். நெற்றியில் வேர்வை, அந்தக் குளிரிலும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்தார். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "கோயில்ல அந்தச் சாமியார் மொகத்தப் பாத்ததும் எனக்குக் கிளாராக்கா நெனப்பு வந்துட்டு. கடைசில அவியளுக்கும் புருவம்கூட இல்லாம மொகம் அப்படித்தான் வழுவழுன்னு இருந்துச்சு." கஸ்பாருக்குக் காது இரண்டும் கூர்மையாயின. இந்தப் பேச்சு வரட்டும் என்று அவர் எத்தனை நாள் காத்திருக்கிறார், வந்துவிடக்கூடாது என்றும் எத்தனை நாள் பயந்திருக்கிறார். எட்டு மாதமும் மயினிக்குப் பாத்திரம் பிடித்தவள் இவள்தான், வாயைத் துடைத்தவள், சேலை மாற்றியவள், அவர் கதவுப்பக்கம் நின்றவர், இவள் உள்ளே இருந்தவள். இவள் சொல்லட்டும். "ரொம்பக் கொடுமப்பட்டா மயினி," என்று எடுத்துக் கொடுத்தார். "பின்ன? கொடுமதான். அந்த மருந்து ஏத்துனா மூணு நாளு மனுசியா இருக்க மாட்டாவ." அப்பாடா என்று அவர் மூச்சை விடுவதற்குள் சலேத் தொடர்ந்தாள். "ஆனா நாலாம் நாளு எந்திரிச்சு உக்காந்து, அடுத்தது எப்பன்னு கேப்பாவ. நீங்க யாரும் அதப் பாக்கல. ஜூட்சன் கப்பல்ல இருந்து வாரதுக்கு இன்னும் ரெண்டு ஊசி போதும் சலேத்து, ரெண்டு போதும்னு வெரல விட்டு எண்ணுவாவ. வந்தாம்லா? மவனப் பாத்தாச்சு. மருமவளுக்கு அயில மீன் கொழம்புக்கு எப்பப் புளி ஊத்தணும்னு படுத்துக்கிட்டே சொல்லிக்குடுத்தாச்சு. எனக்குன்னு வந்தாலும் நான் அப்படித்தான் கேப்பேன். முடி போனா என்ன, முந்தானையப் போட்டுக்கிட்டாப் போச்சு. ஒரு வாந்திக்கு ஒரு நாளுன்னு குடுத்தாக்கூட வாங்கிக்கிடுவேன், எம்பேரன் மொகத்தப் பாக்க." சொல்லிவிட்டுச் சாதாரணமாக இன்னொரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். கஸ்பார் முழங்கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பதில் கிடைத்துவிட்டது. நாலு மாதமாக, இன்றைக்குப் பாலத்திலும் கடையிலும்கூட, பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்ததற்கு மேல், தெளிவாக, நிறுத்தி நிதானமாக, ஜூன் பதினேழாம் தேதி கேட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய பதில் அக்டோபரில் வந்திருக்கிறது. அவருக்கு ஊளையிட்டு அழ வேண்டும்போல் இருந்தது. அழுதால் ஏன் என்பாள். ஐம்பத்துமூன்று வாந்தி போதுமாயிருந்திருக்கும் இவளுக்கு.

"அதுலயும் கிளாராக்காவுக்குத் தாங்காதது எது தெரியுமா?" என்றாள் சலேத். அவருக்குத் தெரிந்துவிட்டது, சொல்லாதே, சொல்லாதே என்று உள்ளுக்குள் கெஞ்சினார். "உங்க அண்ணன் முதல் மூணு மாசம் மறைச்சாவல்லா, அல்சருன்னு சொல்லி. நோவக்கூடப் பொறுத்துக்கிடுவேன் சலேத்து, எம்புருசன் என் மொகத்தப் பாத்து பொய் சொன்னத எப்படிப் பொறுக்கன்னு அழுவாவ. சாவுற அன்னைக்கும் அதத்தான் சொன்னாவ. அண்ணனுக்குத் தெரியாது, நான் யார்ட்டயும் சொல்லல." அவள் திரும்பி அவரைப் பார்த்தாள், கண்ணில் சந்தேகம் ஒரு துளியும் இல்லை, அது இருந்திருந்தால்கூட அவர் பிழைத்திருப்பார், அண்டை வீட்டுக் கதை சொல்கிற சாவகாசமான கண், வெள்ளைப் பகுதி லேசாக மஞ்சளோடி இருந்தது. "நீங்க அப்படிச் செய்யப்பிடாது, என்ன? எனக்கு என்னைக்காவது ஏதாவதுன்னா மொத ஆளா எங்கிட்டத்தான் சொல்லணும். பிள்ளையளுக்கெல்லாம் பொறவு." "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றார், குரல் அவருடையது மாதிரியே இல்லை. "பேச்சு வந்துச்சு, கேட்டேன். சத்தியம் பண்ணுங்க." உள்ளங்கையை நீட்டினாள். நாற்பது வருஷம் ஊர்ப்பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளுக்கு உடுப்புத் தைத்த கை, ஆள்காட்டி விரலில் ஊசி குத்தின கறுப்புப் புள்ளிகள், எலும்பு தெரிந்தது. இப்போது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால் போதும், சலேத்து என்று ஆரம்பித்தால் மீதி தானாக வரும். ஒரு நொடி வாயைத் திறந்தும்விட்டார். இந்த முகம் எப்படி மாறும் என்று பார்த்தார், கிளாரா மயினியின் முகமாக மாறி, ஊருக்குப் போகிற விமானத்தில் பக்கத்து இருக்கையில், பிறகு வீட்டில், பிறகு கட்டிலில், மீதமிருக்கிற அத்தனை நாளும் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று பார்த்தார். அதைத் தாங்க மாட்டாள் என்று டாக்டரிடம் சொன்னாரே, தாங்க மாட்டாதவர் யார் என்று அந்தப் பெஞ்சில் வைத்து அவருக்கு முழுசாக விளங்கியது. தன் கையை எடுத்து அவள் கைமேல் வைத்தார். "சும்மா வைக்காதிய, அடிச்சுச் சொல்லுங்க," என்றாள் சலேத். அவர் அடித்தார். "சரி" என்றார். அவளுக்குத் திருப்தியாகிவிட்டது, அவர் கையை அப்படியே இறுகப் பிடித்து, அதைக் கொண்டே தன்னைத் தூக்கி எழுந்து நின்றாள். "வாங்க, இன்னும் கொஞ்ச தூரம் நடப்போம், இப்ப எனக்கு நல்லா இருக்கு."